பதினோரு நாள் கேபிள்

மார்ச் 4

அன்புள்ள தம்பி திருகாணிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். பதறாதே, போனது மெஷின்தான். உறைக்குள் வெள்ளையாக, நாடா மாதிரி ஒன்று இருக்கும். என் பின்னல் மெஷினில் வண்டி இடமும் வலமும் ஓடும் அல்லவா, அந்த வண்டிக்குக் கரண்டும் கட்டளையும் கொண்டுபோகிற பட்டைக் கேபிள் அது. வண்டி ஓடும்போதெல்லாம் கூடவே வளைந்து, நிமிர்ந்து, ஆறு வருடம் உழைத்தது. போன வியாழக்கிழமை நடுவில் முறிந்துவிட்டது. மெஷின் செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். இங்கே கேட்ட கடையிலெல்லாம் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நீ முப்பது வருடமாக மெஷினுக்குள்ளேயே குடியிருப்பவன். உன் ஊரில் ஒரு தெரு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்பாயே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிப் பார்.

அவசரம் ஏன் என்றால், ஆஸ்பத்திரி ஆர்டர். பிறந்த குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லா, நாளுக்கு நாற்பது பின்னுகிறேன். ஜூன் மாதம்தான் அடுத்த வருடத்துக்கும் எனக்கே கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள். அது கைவிட்டுப் போனால் கடையை மூடிவிட்டு மகள் வீட்டு ஹாலில் ஒரு கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். அவள் அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் அங்கே எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கம். இதை யாரிடம் சொல்வது?

போனில் பேசினால் உனக்குக் கேட்காது. மெசேஜ் என்றால் 'சரி' என்பதற்கு மேல் எனக்கு விரல் ஓடாது. எப்படியும் கேபிளைத் தபாலில் அனுப்பித்தான் ஆக வேண்டும், கூட நாலு வரி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் போய்விட்டது. அத்தான் போனதிலிருந்து என் வாய்க்கு வேலை குறைந்துவிட்டது, அதனால் இருக்கும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சாப்பிட்டேன். ரொட்டியும் முட்டையும். உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் தெருவில் பதினேழு கடை ஏறி இறங்கினேன். எனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டினால் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: கிட்டே வந்து வாயை அகலமாகத் திறந்து கத்துகிறார்கள். அவர்கள் பல் டாக்டரிடம் போக வேண்டுமா இல்லையா என்று தெரிகிறதே தவிர, கேபிள் இருக்கிறதா என்று தெரியவில்லை. கடைசிக் கடையில் ஒருவர் பேசாமல் எழுந்துபோய் எடுத்து வந்து காட்டினார். இருபது கம்பி, ஒரு மீட்டர் இருபது நீளம், முனையில் நீலம். எல்லாம் உன்னுடையது மாதிரியே. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு இது ஓடும்.

பொருத்தும்போது இழுத்துப் பிடித்துப் பொருத்தாதே. வளைகிற இடத்தில் ஒரு டம்ளரைச் சுற்றிப் போகிற அளவுக்கு வளைவு இருக்க வேண்டும்.

வேலை எப்போதும் போல. பட்டறையில் என்னிடம் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமானால் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். 'ஆறு எம்.எம். போல்ட் நாலு.' 'மோட்டார் சூடு.' 'நாளை லீவு.' நல்ல மனிதர்கள்தான். எழுத நேரம் இல்லை அவர்களுக்கு.

கேபிள் எத்தனை நாள் ஓடுகிறது என்று எனக்கு எழுது. வேறு விஷயங்களும் எழுது.

உன் தம்பி,
திருகாணி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் சமாதானமாகப் போய்விட்டது. உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? ரொட்டியும் முட்டையும் ஒரு நாள் சாப்பிட்டால் சாப்பாடு, தினமும் சாப்பிட்டால் தண்டனை. ஏதாவது காய் வாங்கி வேகவைத்துத் தின்னு.

கேபிள் மாட்டியதும் மெஷின் பழையபடி பாட ஆரம்பித்தது. சரியாகப் பதினோரு வேலை நாள். பன்னிரண்டாம் நாள் காலை பத்தாவது குல்லா பின்னும்போது வண்டி நடுவில் நின்றுவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன், வளைகிற இடத்தில் நகம் பதிந்த மாதிரி ஒரு கோடு. முறிந்ததை இதில் வைத்திருக்கிறேன். நான்தான் இழுத்து மாட்டிவிட்டேனோ?

வேறு விஷயம் எழுதச் சொன்னாய். என்ன இருக்கிறது எழுத? எதிர் வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் துவைத்த துணியைப் பிழியாமல் காயப்போடுகிறார்கள், கீழே போகிறவர்கள் மழை என்று குடை விரிக்கிறார்கள். அத்தானுடைய நாற்காலியில் நூல்கண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது.

சீக்கிரம் அனுப்பு. குல்லா வாங்கிக்கொள்கிற ஆஸ்பத்திரி ஸ்டோர் நர்ஸ் இரண்டு முறை போன் பண்ணிவிட்டாள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மத்தியானம் உன் கடிதம் கிடைத்தது. சளி இல்லை. கேரட் வாங்கினேன், வேகவைத்தேன், தின்றேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு கேபிள் அனுப்புகிறேன். ஒன்று போனால் ஒன்று கையில் இருக்கட்டும். நீ மாட்டும்போது வளைவு சின்னதாகிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உண்மையாகவே டம்ளரை வைத்துப் பார்த்து மாட்டு. முனையைச் செருகும்போது கோணலாகப் போகக் கூடாது.

குடை விஷயத்தைப் படித்துப் பட்டறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் 'என்ன?' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். விளக்கி எழுத ஆரம்பித்தேன். பாதியிலேயே அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர்கள் இன்னும் துணியைப் பிழியவில்லையா? ஜன்னலோரம் நீ வைத்திருந்த கற்றாழை இருக்கிறதா? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்? நூல்கண்டெல்லாம் என்ன நிறம்? கேபிள் போனதும் எழுது.

உன் தம்பி,
திருகாணி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை, மனதுதான் சரியில்லை.

இரண்டும் போய்விட்டன. ஒவ்வொன்றும் பதினோரு நாள், சொல்லிவைத்த மாதிரி. டம்ளரை வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். ஸ்கேல் வைத்து முனை நேராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். அப்படியும் முறிகிறது என்றால் கோளாறு என் கையில்தான். முன்பெல்லாம் ஊசியில் நூலை ஒரே குத்தில் கோப்பேன், இப்போது மூன்று தடவை ஆகிறது. கண் டாக்டரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறதாம். அப்படியானால் கைதான். சாயங்காலம் தட்டில் மெஷின் ஊசிகளைக் கொட்டி, நடுங்காமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பழகுகிறேன். சிரிக்காதே.

கேபிள் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று கைப்பின்னலில் குல்லா போடுகிறேன். நாளுக்கு ஐந்து தாண்டவில்லை. ஸ்டோர் நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டாள். "அம்மா, உங்க மெஷின் ரெடியாகட்டும்னு குழந்தைங்க காத்திருந்து பொறக்காதும்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அவள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் அடுத்த குல்லாவை ஆரம்பித்துவிட்டேன்.

துணி இன்னும் பிழியப்படவில்லை. கற்றாழை இருக்கிறது. ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். நூல் வெள்ளையும் இளமஞ்சளும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். நீ இதற்குப் பதில் சொல்: என் கைக்கு என்ன ஆச்சு?

அன்புடன்,
அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நான் நலம்.

மூன்று கேபிள் வைத்திருக்கிறேன். கையைப் பற்றிக் கேட்டாய். வயதானால் எல்லோருக்கும் கை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

என் அறையைப் பற்றி உனக்கு எழுதியதே இல்லை. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அதில் ஒரு குழாய் ஓடுகிறது. யாராவது மேலே தண்ணீர் திறந்தால் குழாய் அதிரும். உள்ளங்கையை வைத்தால் தெரியும். ஆறு மணிக்கு ஒருவர், ஏழுக்கு ஒரு குடும்பம். எனக்குத் தெரிந்த அக்கம்பக்கம் அவ்வளவுதான். உன் கடிதங்களை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன், மூன்று இருக்கிறது.

எழுது.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

ஆர்டர் போய்விட்டது. நேற்று முன்தினம் நர்ஸ் வந்து சொன்னாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது. வேறு ஊரிலிருந்து ஒரு கம்பெனி அனுப்பப் போகிறதாம்.

அவள் போன பிறகு, முறிந்த கேபிளை எடுத்துக்கொண்டு தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற மூக்குக்கண்ணாடிக்காரரிடம் போனேன். ஊரில் இருப்பவரிடம் காட்டுவானேன், நம் தம்பியே பெரிய மெக்கானிக் ஆயிற்றே என்று இத்தனை நாள் போகவில்லை. அவர் கேபிளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் மேல் பொடியாக அச்சடித்திருப்பதைப் படித்தார். பிறகு விரலால் ஒருமுறை மடக்கிப் பார்த்தார்.

"இது ஒரு டப்பாக்குள்ள மடிச்சு வச்சா அப்படியே தூங்குற ரகம்மா. ஓடுற வண்டியில போட்டா பத்து நாள் தாங்கும், அவ்வளவுதான். ஓடுற இடத்துக்குன்னு மெல்லிசா வேற ஒண்ணு இருக்கு. விக்கிறவனுக்குத் தெரியாம இருக்கலாம். மெஷின் வேலை பாக்குறவனுக்குத் தெரியாம இருக்காது. யாரும்மா அனுப்பினது?"

தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகத் தினமும் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். எனக்குத் தெரியும்.

முதல் கேபிளை அனுப்பும்போதே அது ஓடும் இடத்துக்கு ஆகாது என்று தெரியும். அன்று கையில் கிடைத்தது அதுதான். சரியானதற்கு அதே கடையில் சொல்லிவைத்தேன், அது வரும்வரை நீ சமாளிக்கட்டும் என்று அதை அனுப்பினேன். அதுவரை என் மனதில் கள்ளம் இல்லை.

சரியான கேபிள் ஏப்ரல் ஆறாம் தேதி வந்துவிட்டது. உன் இரண்டாவது கடிதம் எட்டாம் தேதி வந்தது. இரண்டும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கேபிளோடு வந்த தாளில் ஐம்பது லட்சம் முறை வளையும் என்று போட்டிருந்தது. ஒரு குல்லாவுக்கு வண்டி நூற்றிருபது தடவை ஓடும், நாளுக்கு நாற்பது குல்லா. விளையாட்டாகத்தான் கணக்குப் போட்டேன். மூன்றரை வருடம் வந்தது. மூன்றரை வருடத்துக்கு உன்னிடமிருந்து கடிதம் வராது. கேபிளை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பட்டறைச் சீட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? காது போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் யாரும் எனக்கு ஒரு முழு வாக்கியம் எழுதியதில்லை. 'சாப்பிட்டாயா?' என்று நீ மார்ச்சில் எழுதினாய். அதற்கு முன் அதை என்னிடம் யார், எப்போது கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. துணி பிழியாதவர்களைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும்.

இது காரணம்தான், நியாயம் இல்லை. ஆர்டர் போகும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த முறை அனுப்பிவிடலாம், அடுத்த முறை அனுப்பிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். எல்லாவற்றையும் விட மோசம், உன் கையைக் குறை சொன்னது. உன் கை நடுங்கவில்லை அக்கா. நான் அனுப்பியதில் எதை எடுத்துப் பார்த்தாலும், நீ மாட்டியது ஒன்றுகூடக் கோணலாக இருந்திருக்காது. எந்தக் கையாலும் அந்தக் கேபிளைப் பதினோரு நாளுக்கு மேல் ஓட்ட முடியாது.

சரியானதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

பார்சல் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். மெசேஜில் 'சரி' என்று போட்டால்கூடப் போதும்.

தம்பி


அக்டோபர் 15

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் ஆகஸ்டிலேயே வந்தது. பிரிக்காமல் பீரோ மேல் ஒரு மாதம் போட்டு வைத்திருந்தேன். 'சரி' என்று மெசேஜ் அனுப்பலாம் என்று போனையும் எடுத்தேன். சரியில்லாததை எப்படிச் சரி என்று எழுதுவது?

கோபம் இன்னும் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் போனதைக்கூட மன்னித்துவிடலாம். அறுபது வயதில் ஒரு பொம்பளை தட்டில் ஊசியைக் கொட்டிவைத்து, கை நடுங்குகிறதா நடுங்குகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாளே, அதை நினைத்தால் உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருக்கிறது. எப்படியும் அவை சும்மாதான் இருக்கின்றன.

மகள் வீட்டுக்குப் போகவில்லை. முன்னறையை ஒரு ஜெராக்ஸ்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். மெஷின் இப்போது படுக்கையறையில் இருக்கிறது. என் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போகலாம். ஸ்டோர் நர்ஸ் நல்லவள், குழந்தை பெற்ற அம்மாக்களிடம் என்னைப் பற்றிச் சொல்கிறாள். வாரத்துக்கு இருபது முப்பது குல்லா கேட்டு வருகிறார்கள். பிழைப்பு ஓடுகிறது, குறுகலாக ஓடுகிறது.

போன மாதம் நடுவில் ஒரு நாள் பார்சலைப் பிரித்தேன். கேபிளைத் தொட்டதுமே தெரிந்தது. துணி மாதிரி விழுந்தது கையில். ஒரே தடவையில் மாட்டினேன், டம்ளர்கூட வைக்கவில்லை.

இப்போது ஓட்டம் குறைவுதான் என்று தெரிந்தும், பதினோராம் நாள் சாயங்காலம் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாம் நாளும் வண்டி போனது, வந்தது, போனது, வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கேபிள் முறியவில்லை, யாருக்கும் எதுவும் எழுத வேண்டியதில்லை. எதிர் மாடிக்காரர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதையும் சொல்வதற்கு ஆள் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உன் மூன்றரை வருடம் புரிந்தது. புரிந்தது என்றுதான் சொல்கிறேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அது மெதுவாக வரும்.

என்னையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் உனக்கு 'சரி' என்று மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். உனக்குக் காதுதான் கேட்காது, படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மெஷின் முறிந்த பிறகுதான் தோன்றியது.

குளிர் வரப்போகிறது. கேட்காத காதுக்கும் குளிரும். உனக்கு ஒரு குல்லா பின்னப் போகிறேன், காதை மூடுகிற மாதிரி. இளமஞ்சள்தான் மிச்சம் இருக்கிறது, பட்டறையில் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு நூலை எடுத்து நெற்றிக்கு மேலே தலையைச் சுற்றி வைத்து, சரியாக அளந்து, வெட்டி அனுப்பு. தப்பாக அளந்து அனுப்பினாலும் பரவாயில்லை. இன்னொரு கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வேன்.

சாப்பிட்டாயா?

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். கேரட்டும் பீன்ஸும். நீ?

நூல் உள்ளே இருக்கிறது. மூன்று தடவை அளந்தேன், பிறகு பக்கத்து மேஜைக்காரரையும் அளக்கச் சொன்னேன். எதற்கு என்று சீட்டில் கேட்டார். என் அக்கா எனக்குக் குல்லா பின்னுகிறாள் என்று எழுதிக் காட்டினேன். இந்தத் தடவை அவர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போனார்.

அளவு சரியானது அக்கா. ஒரு நூலிழைகூடத் தப்பில்லை. இதைப் பற்றி நீ எதுவும் கேட்டு எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஆனாலும் எழுது. எதிர் மாடிக்கு யார் குடிவந்தார்கள்?

உன் தம்பி,
திருகாணி